நேற்றுவரை நல்லாத்தானே இருந்தார்!

சென்ற வாரம் பேசிய அல்சைமர் ஆண்டுக்கணக்கில் வருவது. எப்போது தொடங்கியது என்று கேட்டால் வீட்டில் யாராலும் தேதி சொல்ல முடியாது. இந்த வாரம் பேசப்போவது தேதி சொல்லக்கூடிய குழப்பம். “ஞாயித்துக்கிழமை காலையில பேப்பர் படிச்சார். திங்கக்கிழமை ராத்திரி என்னைப் பார்த்து ‘நீ யாரு’ங்கிறார்” என்பார்கள்.

மருத்துவர்கள் இதை டெலிரியம் என்கிறார்கள். கடும் காய்ச்சலில் ஜன்னி கண்டு பிதற்றுவதை நம் பாட்டிமார் அறிவார்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் அது வரும். சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில் தொடங்கிவிடும். காலையில் தெளிவாகப் பேசியவர் பொழுது சாய்ந்ததும் தடுமாறுவார்; இரவில் எழுந்து “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று கிளம்புவார். சுவரில் ஆட்கள் நிற்பதாகச் சொல்வார். சில வீடுகளில் காத்து கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். படித்த வீடுகளில் “எண்பது வயசாச்சு, இனிமே இப்படித்தான்” என்கிறார்கள். இரண்டில் இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கோபம் தருகிறது. ஏனென்றால் அந்த ஒரு சொல்லில் சிகிச்சைக்கான நேரம் முழுவதும் போய்விடுகிறது.

மூளை தடுமாறும்போது காரணம் பெரும்பாலும் உடம்பில் வேறெங்கோ இருக்கிறது. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். முதியவர்களுக்கு எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமல் குழப்பம் மட்டுமே வெளியே தெரியலாம். நிமோனியாவும் அப்படி வரும். ரத்தத்தில் சோடியம் 135-க்குக் கீழே இறங்குவதைத்தான் “உப்பு குறைஞ்சிடுச்சு” என்கிறோம். அது மிகவும் இறங்கினால் புத்தி தடுமாறும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் நீர் மாத்திரைகளில் சில இதற்குக் காரணமாவதுண்டு. சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தவருக்குச் சர்க்கரை சரிந்திருக்கலாம். நான்கு நாள் மலச்சிக்கல், அடைபட்ட சிறுநீர், சொல்லத் தெரியாத வலி, மூன்று வாரத்துக்கு முன் குளியலறையில் வழுக்கித் தலையில் பட்ட லேசான அடி என்று பட்டியல் நீளும். கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரையும் தூக்க மாத்திரையும் இதில் சேரும். பல வருடம் போட்ட தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலும் இதே குழப்பம் வரும் என்பதால், எதையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

தண்ணீரைத் தனியாகச் சொல்ல வேண்டும். வயதாக ஆகத் தாக உணர்வு மங்கும். போதாததற்கு, ராத்திரி எழுந்து கொல்லைப்புறக் கழிப்பறைக்குப் போகப் பயந்து சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காத அம்மாக்கள் நம் ஊரில் எத்தனை பேர்! சித்திரை வெயிலில் அதுவே போதும்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டாம் நாள் இரவு டிரிப்ஸைப் பிடுங்கினார், மனைவியை விரட்டினார். கைகளைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். கட்டக் கட்ட இன்னும் திமிறினார். அவருடைய கண்ணாடியும் காது மெஷினும் ஆபரேஷனுக்கு முன் கழற்றப்பட்டு, பையிலேயே கிடந்தன. பார்வை மங்கல், காது அடைப்பு, இரவெல்லாம் எரியும் விளக்கு, கையில் கட்டு. இந்த நிலையில் யாருக்குத்தான் பயம் வராது? மறுநாள் மருமகள் கண்ணாடியை மாட்டிவிட்டு, மெஷினைப் பொருத்தி, “மாமா, இது ஆஸ்பத்திரி, கால்ல ஆபரேஷன் நடந்திருக்கு, நான் பக்கத்துலயே இருக்கேன்” என்று பொறுமையாகச் சொன்னாள். வலி மருந்து சரிசெய்யப்பட்டது. முழுத் தெளிவுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது.

அந்த மருமகள் செய்ததை ஒரு முறையாகவே வகுத்தவர் அமெரிக்க மருத்துவர் ஷாரன் இனோயே. கண்ணாடி, காது மெஷின், போதிய தண்ணீர், சீக்கிரம் எழுப்பி நடக்கவைத்தல், மாத்திரையில்லாத் தூக்கம், நாளும் இடமும் சொல்லிப் பேசுதல் ஆகியவைதான் அவருடைய திட்டத்தின் அடிப்படை. யேல் மருத்துவமனையில் 852 முதியவர்களிடம் நடந்து 1999-ல் வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்த டெலிரியம், இந்தக் கவனிப்பில் 9.9 சதவீதம் பேருக்கே வந்தது. அங்கே இதற்குப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை அமர்த்தினார்கள். இங்கே அட்டெண்டர் பாஸ் வாங்கிக்கொண்டு மகளோ மனைவியோ கட்டிலருகே எப்போதும் இருக்கிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். டிஸ்சார்ஜ் பில்லை விளக்க ஆள் இருக்கிறது. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்கக் கூடாதா?

இன்னொரு வகை கூச்சல் போடாது. பேச்சு குறையும், சாப்பாடு இறங்காது, பகலெல்லாம் கண் செருகும். “தொந்தரவே இல்லை, நல்லா தூங்குறார்” என்று நிம்மதி அடைவோம். தவறவிடப்படுவது பெரும்பாலும் இந்த வகைதான். சந்தேகம் வந்தால் கிழமைகளைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். வழக்கமாகச் சொல்லக்கூடியவர் பாதியில் இழை விட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஏற்கெனவே மறதி நோய் உள்ளவருக்கும் இது பொருந்தும். அவர்களுக்குத்தான் டெலிரியம் எளிதில் வரும்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் இந்தக் கட்டுரையின் தலைப்பேதான். நோயாளியை முதன்முறை பார்க்கும் டியூட்டி டாக்டருக்கு அவர் எப்போதும் இப்படித்தானோ என்று தோன்றலாம். “இல்லை டாக்டர், முந்தாநாள் வரைக்கும் பேங்குக்குத் தனியா போய் வந்தார்” என்று சொல்ல வீட்டு ஆளால்தான் முடியும். தயங்காமல், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

வீடு திரும்பிய பிறகும் தெளிய நாளாகும், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதற்குள் நினைவாற்றல் சோதனை செய்து மறதி நோய் என்று முத்திரை குத்திவிடக் கூடாது. பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வேலையும் அப்போது வேண்டாம். டெலிரியம் வந்தவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், சில மாதம் கழித்து முதியோர் நல மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது அவசியம்.

அந்த இரவுகளில் கண்டது, கத்தியது பலருக்கு நினைவில் தங்கிவிடுகிறது. வெட்கத்தில் வெளியே சொல்ல மாட்டார்கள். விருந்தாளிகள் முன்னால் அதைச் சொல்லிச் சிரிக்காதீர்கள். தனியாக உட்கார்ந்து, “அது நோய் பேசினது, நீங்க இல்லப்பா” என்று சொல்லுங்கள்.

(தொடரும்)