துபாய் 4 மணி நேரம்தான்... நாங்குநேரிக்கு?

“அண்ணாச்சி, மூத்தவன் எப்ப வந்து சேருவான்?”

“ஃபிளைட்டு நாலு மணி நேரம்தான்னு சொல்லுதாவ. மத்தியானத்துக்குள்ள வந்துருவான்.”

நாங்குநேரி வட்டாரத் துக்க வீடுகளில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு இது. வாசலில் பந்தல், உள்ளே ஐஸ் பெட்டி. வளைகுடாவில் இருக்கும் மகன் வந்து முகம் பார்த்த பிறகுதான் எடுக்க வேண்டும். ஆனால், மத்தியானம் வருவதாகச் சொன்ன பிள்ளை, விளக்கு வைத்த பிறகுதான் வந்து நிற்கிறது. கணக்கு எங்கே தப்புகிறது?

ஆகாயக் கணக்கு

திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கு வான்வழி தூரம் சுமார் 2,950 கி.மீ. மதுரையிலிருந்து அளந்தாலும் ஏறக்குறைய அதே தூரம்தான். நடுவானில் விமானம் மணிக்கு 800 கி.மீ-க்கு மேல் பறக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்தால் சுமார் 4 மணி நேரம்.

கடிகாரக் குழப்பம்

துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். இங்கே அதிகாலை 4 மணிக்குக் கிளம்பும் விமானம் அங்கே 6.30-க்கு இறங்கும். பார்த்தால் இரண்டரை மணி நேரம் போலத் தெரியும். அங்கே இரவு 10 மணிக்குக் கிளம்பினால் இங்கே இறங்குவது அதிகாலை 3.30. ஐந்தரை மணி நேரம் போலத் தெரியும். இரண்டுமே 4 மணி நேரப் பயணம்தான்.

தரைக் கணக்கு

நாங்குநேரிக்குப் பக்கத்து விமான நிலையம் தூத்துக்குடி வாகைக்குளம். 2025 ஜூலையில் அங்கே புதிய முனையம் திறக்கப்பட்டது. ஆனாலும், வளைகுடாவுக்கு நேரடி விமானம் கிடையாது. சென்னை, பெங்களூரு என்று மாறித்தான் போக வேண்டும். திருவனந்தபுரம் சுமார் 120 கி.மீ. நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலைத் தாண்ட மூன்றரை மணி நேரம்கூட ஆகலாம். மதுரை தூரம் அதிகம் என்றாலும் நான்குவழிச் சாலை.

இப்போது கூட்டிப் பாருங்கள். துபாயில் காலை 6 மணிக்கு அறையை விட்டுக் கிளம்புகிறார் மகன். விமான நிலையம் போக அரை மணி, அங்கே காத்திருப்பு 3 மணி, பறப்பது 4 மணி, குடியேற்றச் சோதனையும் பெட்டியும் 1 மணி, கார் மூன்றரை மணி. மொத்தம் 12 மணி நேரம். நம் நேரப்படி இரவு 7.30-க்குத்தான் வீட்டு வாசல்!

தேதியில் கவனம்

டிக்கெட்டில் ‘15-ம் தேதி 00.30’ என்றிருந்தால், 14-ம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ம் தேதி ராத்திரி என்று நினைத்துப் போனால் விமானம் போய் ஒருநாள் ஆகியிருக்கும். லீவு முடிந்து திரும்புகிறவருக்கு வேலையே சிக்கலாகிவிடும்.

ஆகவே, மகனிடம் “எத்தனை மணி நேர ஃபிளைட்?” என்று கேட்காதீர்கள். “நம்ம நேரத்துக்கு எப்ப எறங்குவ?” என்று கேளுங்கள். அதோடு 5 மணி நேரம் கூட்டி, ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். எடுக்கும் நேரத்தை அதன் பிறகு குறிக்கட்டும். அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பிள்ளைக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அது.