பொருளியலுக்கு டியூஷன்: எங்கே கைகொடுக்கும், எங்கே வீண்

திண்டுக்கல் நாகல் நகர் பக்கம் காமர்ஸ் குரூப் படிக்கும் பிள்ளைக்கு டியூஷன் என்றாலே பெற்றோர் நினைவுக்கு வருவது அக்கவுண்டன்சிதான். பேரேடு, இருப்புநிலைக் குறிப்பு எல்லாம் கணக்குப் பாடம், தனியாகச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று நினைக்கிறார்கள். பொருளியல் அந்த பேக்கேஜில் ஒட்டிக்கொண்டு வருகிறது. "அது தியரிதானே, படிச்சாப் போதும்" என்ற பேச்சு வீட்டிலும் உண்டு, சில டியூஷன்களிலும் உண்டு. நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறானது. காமர்ஸ் குரூப்பில் மனப்பாடத்தை வைத்து ஒப்பேற்ற மிக எளிதான பாடம் பொருளியல். அதனாலேயே, புரியவில்லை என்பது யார் கண்ணிலும் படாமல் இரண்டு வருடமும் ஓடிவிடுகிறது.

வினாத்தாளைப் பார்த்தால் காரணம் விளங்கும். எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10. ஒரு மதிப்பெண் வினாக்கள் 20, இரண்டு மதிப்பெண்ணில் 7, மூன்று மதிப்பெண்ணில் 7, ஐந்து மதிப்பெண்ணில் 7. பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளை, அதாவது புக் பேக்கை, உருப்போட்டவர் நிச்சயம் தேறிவிடுவார். ஆடம் ஸ்மித் சொன்ன செல்வ இலக்கணம், மார்ஷலின் நல இலக்கணம், ராபின்ஸின் பற்றாக்குறை இலக்கணம் என்று வரிசையாக ஒப்பிக்கவும் செய்வார். ஐந்து மதிப்பெண் விடைகளில் வரைபடம் கேட்கும்போதும், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்கும்போதும்தான் சறுக்கல் தெரியும். நல்ல டியூஷனுக்கு வேலை இருப்பது அந்த இடத்தில்.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். விலை ஏறினால் தேவை குறையும் என்பது பிளஸ் ஒன்னில் படிக்கும் தேவை விதி. நிலக்கோட்டைப் பூ மார்க்கெட் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதில் உடனே ஒரு சந்தேகம் வரவேண்டும். முகூர்த்த நாளில் மல்லிகை விலை எகிறுகிறது, பூ வாங்கும் கூட்டமும் கூடுகிறது. அப்படியானால் விதி தப்பா? வகுப்பில் நாற்பது, ஐம்பது பேருக்கு நடுவே எழுந்து இதைக் கேட்கப் பல பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். கேட்டாலும் ஆசிரியருக்கு முடிக்க வேண்டிய பாடம் பாக்கி இருக்கும்.

ஆறேழு பேர் உட்கார்ந்திருக்கும் டியூஷனில் ஆசிரியை பென்சிலைக் கையில் கொடுத்து வரையச் சொல்லலாம். நிலைக்கோட்டில் விலை, கிடைக்கோட்டில் அளவு. இடமிருந்து வலமாகச் சரியும் தேவைக் கோடு, மேலேறும் அளிப்புக் கோடு, இரண்டும் வெட்டுமிடத்தில் சமநிலை விலை. "முகூர்த்தம் வந்தாச்சு. இப்ப எந்தக் கோடு நகரும்?" என்று கேட்டால், முக்கால்வாசிப் பிள்ளைகள் தேவைக் கோட்டின் மேலேயே புள்ளியை ஏற்றுவார்கள். தவறு அங்கேதான். முகூர்த்தம் என்பது விலை மாற்றம் அல்ல, வாங்குவோரின் நிலைமை மாறியிருக்கிறது. ஆகவே கோடு முழுவதும் வலப்பக்கம் நகரும். விலையும் ஏறும், விற்கும் அளவும் ஏறும். அடுத்து மார்கழிக் குளிருக்கு வரலாம். பனியில் மொட்டு குறைந்து வரத்து சுருங்குகிறது. அளிப்புக் கோடு இடப்பக்கம் நகர்கிறது. இப்போதும் விலை ஏறும், ஆனால் விற்கும் அளவு குறையும். தை பிறந்ததும் குளிரும் விடவில்லை, முகூர்த்தமும் தொடங்கிவிட்டது. இரண்டு கோடும் சேர்ந்து நகர்ந்தால் விலை எங்கே போகும், அளவைப் பற்றி உறுதியாக என்ன சொல்ல முடியும் என்று பிள்ளையே வரைந்து பார்க்க வேண்டும். விலை நிச்சயம் ஏறும். அளவு ஏறுமா இறங்குமா என்பது எந்தக் கோடு அதிகம் நகர்ந்தது என்பதைப் பொறுத்தது.

இந்த அரைமணி நேரத்தை ஒழுங்காகக் கழித்த பிள்ளைக்கு, கோட்டின் மேல் நகர்வது வேறு, கோடே நகர்வது வேறு என்பது பிறகு மறக்காது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்ததைக் கேட்டாலும், பெட்ரோல் விலை ஏறியதைக் கேட்டாலும் அதே படத்தை வரைந்து விடை சொல்லும். அச்சுகளுக்குப் பெயரிடாமல் விடுவது, சமநிலைப் புள்ளியைக் குறிக்காமல் விடுவது போன்ற சில்லறைத் தவறுகளும் ஒருவர் நோட்டைப் பார்த்துத் திருத்தும்போதுதான் போகும்.

டியூஷன் கைகொடுக்கும் இரண்டாவது இடம் கணக்கு. காமர்ஸ் குரூப்பில் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் எடுத்த பிள்ளைகள் பலர் பத்தாம் வகுப்போடு கணக்குக்கு விடைகொடுத்துவிட்டோம் என்று நினைத்து வருபவர்கள். பொருளியல் அவர்களை விடுவதில்லை. பிளஸ் ஒன் புத்தகத்தின் கடைசி இயல் கணித முறைகள். பிளஸ் டூ புத்தகத்தின் கடைசி இயல் புள்ளியியலும் பொருளாதார அளவையியலும். வகையீடு, அணிக்கோவை, ஒட்டுறவு, தொடர்புப் போக்கு எல்லாம் வரும். கடைசி இயல் என்பதால் வகுப்பில் அவசர அவசரமாக ஓடுவதும் இதுதான். "சாய்ஸில் விட்டுக்கலாம்" என்று பிள்ளைகள் முதலில் ஒதுக்குவதும் இதுதான்.

ஒதுக்க வேண்டியதில்லை. நாகல் நகரில் சௌராஷ்டிர நெசவுக் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தறி ஓட்டிய தெருக்கள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைக்குச் செலவுக் கோட்பாட்டை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டாம். சேலை ஒன்றுமே நெய்யாவிட்டாலும் தறிக்கும் இடத்துக்கும் ஆகும் செலவு மாறாச் செலவு. நூலும் சாயமும் கூலியும் மாறும் செலவு. மொத்தச் செலவை கியூ வர்க்கம் + 5 கியூ + 10 என்று கொடுத்தால், அந்த 10 எது என்று பிள்ளை தானாகவே காட்டும்: ஒன்றும் நெய்யாதபோதும் போகிற செலவு. வகையிட்டால் 2 கியூ + 5. இன்னும் ஒரு சேலை கூட்டினால் ஏறத்தாழ எவ்வளவு கூடுதல் செலவு என்பதைச் சொல்வது இதுதான், இறுதிநிலைச் செலவு. 10 ஏன் காணாமல் போனது என்று கேட்டுப் பாருங்கள். மாறாச் செலவு அடுத்த சேலைக்காக மாறுவதில்லை, அதனால் போயிற்று என்று பிள்ளை சொன்னால் வகையீடும் புரிந்தது, பொருளியலும் புரிந்தது.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டும் இப்படியே பாடமாகும். கையால் செய்யும் பூட்டுக்கு நேரமும் கூலியும் அதிகம். அலிகாரில் இயந்திரத்தில் பெருமளவில் வரும் பூட்டுக்கு ஒன்றுக்கான சராசரிச் செலவு குறைவு. பதிலீட்டுப் பொருள், பேரளவு உற்பத்தியின் சிக்கனம் என்ற இரண்டு தலைப்பையும் பூட்டுக் கடை வாசலிலேயே நடத்திவிடலாம்.

பிளஸ் ஒன் பற்றித் தனியாக ஒரு கவலை உண்டு. 2025-26 முதல் தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தேவை, அளிப்பு, செலவு, அங்காடி அமைப்பு என்று நுண்ணியல் முழுவதும் பிளஸ் ஒன்னில்தான் இருக்கிறது. பிளஸ் டூ தேசிய வருமானம், வேலைவாய்ப்பு, பணம், வங்கி, பன்னாட்டு வாணிபம் என்று பேரியலுக்குப் போய்விடும். முந்தைய பாடத்தை ஒப்புக்கு ஓட்டிவிட்டு பிளஸ் டூவுக்குத் தாவினால், கீன்ஸின் கோட்பாடு வரும்போது பிள்ளை தடுமாறும். உங்கள் டியூஷன் பிளஸ் ஒன் வருடத்திலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்குகிறது என்றால் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கீன்ஸைச் சொன்னதால் பெருக்கியையும் பார்த்துவிடுவோம். கூடுதலாகக் கிடைக்கும் 100 ரூபாயில் மக்கள் 80 ரூபாயைச் செலவழிக்கிறார்கள் என்றால் பெருக்கி 5. சூத்திரத்தில் போட்டால் ஒரு வரியில் விடை வரும். நாகல் நகர் வாரச்சந்தையில் ஒருவர் செலவழித்த 80 ரூபாய் காய்க்காரருக்கு வருமானம், அவர் அதில் 64 ரூபாயை இன்னொருவரிடம் செலவழிக்கிறார் என்று தொடர்ந்து எழுதி, முதல் 100 ரூபாயோடு சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் 500ஐ நோக்கிப் போவது தெரியும். ஒருமுறை கையால் கூட்டிப் பார்த்தவருக்குச் சூத்திரம் மறந்தாலும் விடை கிடைக்கும்.

புத்தகம் அச்சானபின் உலகம் நகர்ந்துவிட்டது என்பதும் டியூஷனில் பேச வேண்டிய விஷயம். இப்போதைய பிளஸ் டூ பாடநூல் 2019-20இல் வந்தது. ஜிஎஸ்டி விகிதங்கள் 2025 செப்டம்பர் 22 முதல் மாறிவிட்டன. ரெப்போ விகிதம் 2025 பிப்ரவரியில் 6.5 சதவீதத்திலிருந்து 6.25க்கு இறங்கி, ஜூனில் 5.5 ஆனது. தமிழ்நாடு அரசு தன் முதல் பொருளாதார ஆய்வறிக்கையை 2025 மார்ச்சில் வெளியிட்டது. ரெப்போ இறங்கினால் வீட்டுக்கடன் தவணை ஏன் குறையலாம் என்று செய்தித்தாளோடு சேர்த்துச் சொன்னால் பண அளிப்பு பாடம் உயிர் பெறும். தேர்வில் மட்டும் புத்தகத்தில் இருப்பதையே எழுத வேண்டும் என்பதைச் சேர்த்தே சொல்லித்தர வேண்டும். விடைக்குறிப்பு பாடநூலை ஒட்டியது.

எல்லாருக்கும் டியூஷன் தேவை என்று இதற்கு அர்த்தம் இல்லை. 2025இல் வெளியான மத்திய அரசின் கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 27 சதவீதம் பேர் தனி வகுப்புக்குப் போகிறார்கள். மீதிப் பேர் போகாமல்தான் படிக்கிறார்கள். பாடநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. வரைபடத்தைப் புத்தகத்தை மூடிவைத்து வரைந்து, அதைத் தன் சொந்த வாக்கியத்தில் அம்மாவுக்கோ அண்ணனுக்கோ விளக்கத் தெரிந்த பிள்ளைக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. இங்கிலீஷ் மீடியத்துக்குப் புதிதாக மாறி, புரிந்தும் வாக்கியம் அமையாமல் மனப்பாடத்தில் தஞ்சம் புகும் பிள்ளைக்கு அவசியம் உண்டு.

சேர்ப்பதென்று முடிவு செய்தால் ஃபீஸைக் கேட்கும் முன் சிலவற்றைக் கேளுங்கள். ஒரு பேட்சில் எத்தனை பேர்? இலங்கையில் யாழ்ப்பாணம், கொழும்பு போன்ற இடங்களில் உயர்தரத் தேர்வின் பொருளியல் பாடத்துக்கு நூற்றுக்கணக்கானோர் உட்காரும் டியூஷன் வகுப்புகள் உண்டு. நன்றாகப் பேசும் ஆசிரியர் அங்கே பாடத்தைச் சுவையாகச் சொல்லலாம், நோட்டைப் பார்க்க முடியாது. டெஸ்ட் பேப்பரை யார் திருத்துகிறார்கள், எப்போது திருப்பித் தருகிறார்கள்? இரண்டு மாதம் கழித்து அந்தப் பேப்பரை வாங்கிப் பாருங்கள். மதிப்பெண் மட்டும் போட்டிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். கோடு தப்பு, இந்த வரி வேண்டாம் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தால் பணம் சரியான இடத்துக்குப் போகிறது. பள்ளியில் பாடம் எடுக்கும் ஆசிரியரே காசு வாங்கித் தனியாக எடுக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்கட்டும். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

பிளஸ் டூவுக்குப் பிறகு சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுத நினைக்கும் பிள்ளைகள் இந்த ஊரிலும் நிறைய. அதன் நான்காவது தாள் வணிகப் பொருளியல், 100 மதிப்பெண், முழுவதும் கொள்குறி வினா, தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள். புக் பேக் மனப்பாடம் அங்கே செல்லாது. தேவை நெகிழ்ச்சியும் செலவுக் கோடுகளும் அங்காடி வகைகளும் மறுபடி வரும், பிளஸ் ஒன்னில் படித்த அதே பாடங்கள்தான். டியூஷனில் சேர்க்கும்போதே இதையும் ஆசிரியரிடம் சொல்லிவிட்டால், நுண்ணியலை அவசரப்படாமல் நடத்த அவருக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.