தறி ஏன் நின்றது?

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வீதியால் வடக்கே செல்பவர் சிறிது நேரத்திலேயே மருதமுனையை அடைந்துவிடுவர். சாரனும் சேலையும் நெய்வதில் இவ்வூர் பெற்றிருக்கும் பேரைக் கிழக்கில் அறியாதவர் இல்லை. 1977 இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தபின் இறக்குமதித் துணியோடு போட்டியிட முடியாமல் தறிகள் ஓய்ந்தன. 2004 மார்கழி 26 ஆம் திகதி கடல் பொங்கியபோது கரையோர வீடுகளோடு தறிகளும் போயின. 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது வெளிநாட்டு நூலும் சாயமும் கைக்கெட்டாத விலைக்கு ஏறின. இத்தனைக்கும் பிறகு அங்கே தறிச்சத்தம் கேட்கிறது என்பதே பெரிய செய்திதான்.

அவ்வூரில் ஆறு தறிகள் கொண்ட ஒரு கூடத்தோடு எமக்குச் சில வருடப் பழக்கம். அதன் முதலாளி வயதில் மூத்தவர்; காக்கா என்றே அழைப்போம். தொடக்கத்தில் நாம் செய்தது ஒரு தவறு. புதிய கட்டடம், சாயத்தொட்டி, கழிவுநீர்க் குழி, விசைத்தறிகள், கணக்கெழுதக் கணினி என ஒன்றும் விடாமல் சேர்த்துத் தடித்த திட்டமொன்றை எழுதினோம். அது பணம் தரக்கூடிய இடங்களுக்குப் போய்த் திரும்பி வந்தது. திருத்தி மீண்டும் அனுப்பினோம். இப்படியே இரண்டு வருடங்கள். புதுக்கட்டடம் வரப்போகிறதே என்று காக்கா ஒழுகும் கூரையைக் கூடத் திருத்தாமல் இருந்துவிட்டார். ஒரு மாரிமழையில் பாவு முழுவதும் நனைந்து கறை பிடித்தது. அந்த நட்டத்தில் எமக்கும் பங்குண்டு.

"ஃபாதர், உங்கட திட்டம் நல்லம். ஆனா அது வாறதுக்குள்ள நான் மௌத்தாப் போயிருவன்" என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

யப்பானில் சகிச்சி ரொயோடா என்ற தச்சரின் மகன் 1890 இல் மரத்தாலான ஒரு கைத்தறியைச் செய்தார். இரு கைகளால் செய்த வேலையை ஒரு கையால் செய்ய முடிந்தது. அவ்வளவே அதன் முன்னேற்றம். 1896 இல் அவர் செய்த இயந்திரத்தறி ஊடைநூல் அறுந்தால் தானே நின்றுவிடும். ஓடத்தை ஓட்டத்திலேயே தானாக மாற்றிக்கொள்ளும் தறி வந்தது 1924 இல். முதல் தறியிலிருந்து 34 வருடங்கள்! ரொயோட்டா மோட்டார்க் கம்பனி இக்குடும்பத்தில் பிறந்ததே. இப்படிச் சிறிது சிறிதாகத் திருத்துவதை யப்பானியர் கைசென் என்பர். கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையிலும் இம்முறை கைக்கொள்ளப்பட்டது.

திட்டத்தை மூடிவைத்துவிட்டு, பழைய கலண்டர்த் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டினோம். தறி நிற்கும்போதெல்லாம் காரணத்தை அதன் பின்பக்கத்தில் எழுதவேண்டும். நூல் அறுவதுதான் முதற்காரணமாக இருக்கும் என்று எண்ணினோம். இல்லை. காலையில் பொபின் இல்லை, பொபின் இல்லை என்றே வரிசையாக எழுதியிருந்தது.

பொபினுக்கு நூல் சுற்றுபவர் பக்கத்து வீட்டு ராத்தா. அவர் பிந்துகிறார் என்பது காக்காவின் நெடுநாள் முறைப்பாடு. ராத்தாவிடமே கேட்டோம். "நூல் அலுமாரியிலதானே கிடக்கு. திறப்பு காக்காட இடுப்பில. அவர் சந்தைக்குப் போய் வந்து நிறுத்துத் தந்தாத்தானே நான் சுத்தலாம்?" என்றார். கூடத்தில் யாரும் பேசவில்லை. நெசவாளருக்குச் சாரன் கணக்கில் கூலி; தறி நின்ற நேரமெல்லாம் அவர்களுடைய நட்டம். காக்காவுக்கு முகம் கறுத்தது. ஆயினும் மறுநாள் முதல் நூலை முந்திய நாள் மாலையிலேயே நிறுத்துக் கொடுக்கத் தொடங்கினார். இதற்கு ஒரு சதமும் செலவாகவில்லை.

சாரன்களின் அகலம் ஒன்றுக்கொன்று விரலளவு வேறுபடுவதாகக் கொழும்பு வியாபாரி திருப்பி அனுப்புவதுண்டு. அளவுக்கு வெட்டிய ஒரு தடி ஒவ்வொரு தறியிலும் தொங்கவிடப்பட்டது. கூரையில் பாவு இருக்கும் பக்கத்துக்கு மட்டும் தகரம் மாற்றினர். சாயத்தைக் கைப்பிடியால் அள்ளாமல் தராசில் நிறுத்துப் போடுகிறார்கள்; என்றாலும் நிறம் இன்னும் தொட்டிக்குத் தொட்டி மாறத்தான் செய்கிறது. நீரும் சூடும் காரணமாகலாம். அது தீரும்வரை ஒரு சேலைக்கு வேண்டிய நூலை ஒரே தொட்டியில் தோய்க்கிறார்கள்.

கடைசியாகப் போனபோது நான்காவது கலண்டர்த் தாள் ஒட்டியிருந்தது. பொபின் என்ற சொல் அதில் இரண்டு இடத்தில் மட்டுமே. அடியில் வேறொரு கையெழுத்தில், "ஒரு கிழமை கூலி பிந்தியது" என்றிருந்தது. அது தறி நின்ற காரணம் அல்லவே என்று காக்காவைப் பார்த்தோம். அவர் அதை அழிக்கவில்லை. "எழுதினவன் சும்மா எழுதல்ல, ஃபாதர்" என்றுவிட்டுத் திறப்பை எடுத்துக்கொண்டு அலுமாரிப் பக்கம் போனார்.