கறுப்புத் திரை மின்னி மறைவது ஏன்?
விண்டோஸ் கணினியில் நிரல் எழுதத் தொடங்கும் மாணவர்களின் சிக்கல்களும் தீர்வுகளும்

பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் 2018-19 முதல் சி++ மொழியும், பன்னிரண்டாம் வகுப்பில் 2019-20 முதல் பைத்தான் மொழியும் கற்பிக்கப்படுகின்றன. பாடநூலில் உள்ள நிரல்களை முடித்த மாணவர்கள் அடுத்து விரும்புவது ஒன்றைத்தான்: பொத்தானும் பெட்டியும் உள்ள, சொடுக்கினால் வேலை செய்யும் ஒரு சாளரம். மதிப்பெண் கூட்டும் சாளரம், வினாடி வினா நடத்தும் சாளரம் என்று அவர்களே யோசனை சொல்வார்கள். அதற்குத் தேவையான டிகிண்டர் என்னும் தொகுதி விண்டோஸுக்கான பைத்தானுடனேயே வந்துவிடுவதால் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பகுதிப் பள்ளி மாணவர்களுக்குத் தகவல் தொழில்நுட்பம் தொலைவில் உள்ள உலகம் அன்று. சானடோரியத்தில் மெப்ஸ் வளாகம் இருக்கிறது. சிறுசேரிக்கும் பெருங்குடிக்கும் செல்லும் நிறுவனப் பேருந்துகள் கண்ணெதிரே போகின்றன. ஆனால் வீட்டில் கணினி இல்லாத மாணவருக்கு, வாரத்தில் கிடைக்கும் சில ஆய்வகப் பாடவேளைகள்தாம் அந்த உலகின் வாசல். அந்த நேரத்தில் நிரல் இயங்காமல், காரணமும் தெரியாமல் மணி அடித்துவிட்டால், “எனக்கு இது வராது” என்ற முடிவுக்கு அவர் எளிதில் வந்துவிடுகிறார். உண்மையில் தொடக்கநிலைத் தடங்கல்களில் பெரும்பகுதி மாணவரின் சிந்தனையில் உள்ள பிழை அன்று. கோப்பின் பெயர், பாதை, எழுத்துக் குறியாக்கம் போன்ற விண்டோஸ் சார்ந்த சிறு செய்திகளே. அவற்றை ஒழுங்காகப் பிரித்துப் பார்க்கப் பழக்கினால் மாணவரே தீர்த்துக்கொள்வார்.

இதற்கு மூன்று கேள்விகள் போதும். நிரல் தொடங்கவே இல்லையா? தொடங்கிப் பாதியில் நின்றதா? முழுவதும் இயங்கியும் எதிர்பார்த்தது நடக்கவில்லையா?

நிரல் தொடங்கவே இல்லை

முதல் காரணம், மறைந்திருக்கும் கோப்பு நீட்டிப்பு. நோட்பேடில் எழுதி ‘மார்க்ஸ் டாட் பிஒய்’ என்று சேமித்தாலும், அது ‘மார்க்ஸ் டாட் பிஒய் டாட் டிஎக்ஸ்டி’ ஆகச் சேமிக்கப்பட்டிருக்கலாம். விண்டோஸ் பொதுவாக நீட்டிப்புகளை மறைத்துக் காட்டுவதால் மாணவருக்கு இது தெரியாது. ஃபைல் எக்ஸ்புளோரரின் ‘வியூ’ பட்டியலில் கோப்பு நீட்டிப்புகளைக் காட்டும் தேர்வை இயக்கிவிடுங்கள். இது கணினி ஆசிரியருக்கு மட்டுமின்றி, கோப்புகளைக் கையாளும் எல்லா ஆசிரியருக்கும் பயன்படும்.

இரண்டாவது, பாதை. கட்டளைத் திரையில் ‘பைத்தான்’ என்று தட்டச்சிட்டால் ‘நாட் ரெகக்னைஸ்டு’ என்ற செய்தி வரும். சில கணினிகளில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். பைத்தான் நிறுவப்படவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அது எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பது விண்டோஸுக்குச் சொல்லப்படவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். நிறுவும்போது முதல் திரையின் அடியில் உள்ள ‘பாத்’ என்ற பெட்டியில் குறியிட்டிருந்தால் இச்சிக்கல் வராது. அது விடுபட்டிருந்தால் ‘பைத்தான்’ என்பதற்குப் பதில் ‘பிஒய்’ என்ற இரண்டெழுத்துக் கட்டளையைப் பயன்படுத்திப் பார்க்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு 14ஆம் பாடத்தில், பைத்தான் வழியாக சி++ நிரலை இயக்கும் பயிற்சி பலருக்கு நின்றுபோவதும் இதே காரணத்தால்தான். அங்கு பாதையில் இல்லாதது சி++ நிரல்பெயர்ப்பி.

மூன்றாவது, கோப்பை இருமுறை சொடுக்கியதும் கறுப்புத் திரை மின்னி மறைவது. இங்கு நிரல் தொடங்காமல் இல்லை. தொடங்கி, முடிந்து, திரையும் மூடிவிட்டது. பிழைச் செய்தி இருந்தாலும் அதைப் படிக்க நேரமில்லை. கோப்பை ஐடிலில் திறந்து எஃப்-5 விசையை அழுத்தி இயக்கச் சொல்லுங்கள். விடையோ பிழையோ, இரண்டும் திரையில் நிற்கும்.

பாதியில் நின்றது

இந்த வகையில் கணினியே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. சிவப்பு எழுத்துகளைக் கண்டதும் மாணவர் அஞ்சி ஆசிரியரை அழைக்கிறார். அவை ஆங்கிலத்தில் இருப்பது தமிழ்வழி மாணவருக்கு இரட்டைச் சுமை. ஆனால் பைத்தானில் முதலில் படிக்க வேண்டியது கடைசி வரி மட்டுமே. அதற்கு மேல் உள்ள வரி எண் இடத்தைக் காட்டும். அடிக்கடி வருபவையும் சில தொடர்களே:

‘நாட் டிஃபைன்டு’ என்றால் அந்தப் பெயர் பைத்தானுக்குத் தெரியாது. எழுத்துப் பிழை, அல்லது பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாற்றம்.

‘இன்வேலிட் கேரக்டர்’ பெரும்பாலும் வாட்ஸ்அப், வேர்டு ஆகியவற்றிலிருந்து நகலெடுத்து ஒட்டியதால் வருகிறது. அங்குள்ள வளைந்த மேற்கோள் குறியைப் பைத்தான் ஏற்காது. நேரான குறியைத் தட்டச்சிட வேண்டும்.

‘யூனிகோட்-எஸ்கேப்’ என்ற சொல் வந்தால் கோப்பின் பாதையைப் பாருங்கள். விண்டோஸ் பாதையில் உள்ள பின்சாய்கோடு பைத்தானில் வேறு பொருள் தரும். அதை இரண்டு முறை இடலாம்; முன்சாய்கோடாகவும் மாற்றலாம்.

‘பெர்மிஷன் டினைடு’ என்றால் அந்தக் கோப்பு எக்செலில் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூடிவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

‘ஹேஸ் நோ ஆட்ரிபியூட்’ வந்தால் மாணவர் தம் கோப்புக்கு என்ன பெயர் வைத்தார் என்று கேளுங்கள். 13ஆம் பாடத்தைச் செய்துபார்க்கும் மாணவர் கோப்புக்கும் ‘சிஎஸ்வி’ என்றே பெயரிடுவது இயல்பு. அப்போது பைத்தான் தன்னுடைய சிஎஸ்வி தொகுதிக்குப் பதிலாக மாணவரின் கோப்பையே எடுத்துக்கொள்கிறது. பெயரை மாற்றினால் போதும்.

இயங்கியது, ஆனால் எதிர்பார்த்தது நடக்கவில்லை

சாளர நிரல்களில் மிகுதியாக வருபவை இவைதாம். பல நேரங்களில் பிழைச் செய்தியே வராது. பாடநூல் நிரல் மேலிருந்து கீழாக ஓடி முடிந்துவிடும். சாளர நிரலோ தாம்பரம் ரயில் நிலையத்தின் பயணச்சீட்டுக் கவுண்டரைப் போன்றது. ஊழியர் அமர்ந்து காத்திருக்கிறார்; பயணி வந்து கேட்டால்தான் சீட்டுத் தருகிறார்; மீண்டும் காத்திருக்கிறார். இந்த ஒப்புமை புரிந்தால் பல சிக்கல்களின் காரணம் விளங்கிவிடும்.

சாளரம் தோன்றாமலோ தோன்றியவுடனோ நிரல் முடிந்துவிட்டால், கடைசியில் ‘மெயின்லூப்’ விடுபட்டிருக்கும். ‘கவுண்டரில் அமர்ந்து காத்திரு’ என்ற கட்டளை அதுவே.

சொடுக்கும் முன்பே பொத்தானின் வேலை நடந்து, பிறகு சொடுக்கினால் ஒன்றும் நடக்காவிட்டால், பொத்தானுக்குச் செயற்கூறின் பெயரைத் தரும் இடத்தில் அடைப்புக்குறியும் சேர்ந்திருக்கும். பெயர் மட்டும் இருந்தால் ‘கேட்கும்போது செய்’ என்று பொருள். அடைப்புக்குறி சேர்ந்தால் ‘இப்போதே செய்’ என்று பொருள்.

பொத்தானே தெரியாவிட்டால், அதை உருவாக்கியிருப்பார்கள், ‘பேக்’ அல்லது ‘கிரிட்’ கொண்டு சாளரத்தில் வைத்திருக்க மாட்டார்கள். ஒரே சட்டகத்துக்குள் இரண்டையும் கலப்பதும் கூடாது.

‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று சாளரம் உறைந்தால், பொத்தானின் செயற்கூறில் ‘ஸ்லீப்’ இருக்கிறதா என்று பாருங்கள். வினாடி வினாவில் பத்து விநாடி காத்திருக்க மாணவர்கள் இதைத்தான் எழுதுவார்கள். ஊழியர் கண்ணயர்ந்தால் வரிசை முழுவதும் நிற்கும் அல்லவா? அதற்குப் பதில் ‘ஆஃப்டர்’ என்ற கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். அதில் 1000 என்பது ஒரு விநாடி.

82, 76 ஆகிய மதிப்பெண்களைக் கூட்டினால் 158 வராமல் 8276 வருகிறதா? பெட்டியில் தட்டச்சிடுவது எண்ணாகத் தோன்றினாலும் பைத்தானுக்கு அது சரம். ‘இன்ட்’ செயற்கூறால் எண்ணாக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும்.

தமிழில் எழுதும்போது

மாணவர் தம் பெயரைத் தமிழில் காட்ட விரும்பினால் நாம் தடுக்கக் கூடாது. அதற்கான சிக்கல்களும் தீரக்கூடியவையே. கட்டளைத் திரையில் தமிழ் கட்டங்களாகவோ சிதைந்தோ தெரியலாம். ஐடிலிலும் டிகிண்டர் சாளரத்திலும் நிர்மலா போன்ற ஒருங்குறி எழுத்துரு இருந்தால் அது சரியாகத் தெரியும். தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டது. எனவே பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளவற்றை ஒட்டாமல், தமிழ்99 விசைப்பலகையில் நேரடியாகத் தட்டச்சிடச் செய்யுங்கள்.

கோப்பில் தமிழ்ப் பெயர்களை எழுதும்போது பிழை வந்தால், கோப்பைத் திறக்கும் கட்டளையில் குறியாக்கம் ‘யுடிஎஃப்-8’ என்று குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் விண்டோஸில் பைத்தானின் பல பதிப்புகள் பழைய குறியாக்கத்தையே எடுத்துக்கொள்கின்றன. அதில் தமிழுக்கு இடமில்லை. அந்த சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறக்கும்போது எழுத்துகள் சிதைந்தால் ‘யுடிஎஃப்-8-சிக்’ என்று மாற்றுங்கள்.

‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் கேட்டால் பைத்தான் 5 என்று சொல்லும். நமக்கு மூன்று எழுத்துகள். ஒருங்குறியில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். இது பிழை அன்று. உயிர்மெய்யின் அமைப்பை விளக்கத் தமிழாசிரியருக்கும் கணினி ஆசிரியருக்கும் பொதுவாகக் கிடைத்த ஓர் எடுத்துக்காட்டு.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

மாணவர் அழைத்தவுடன் சுட்டியை நாம் வாங்கிச் சரிசெய்துவிட்டால் நிரல் இயங்கும். மாணவருக்கு அடுத்த முறையும் நாம் தேவைப்படுவோம். மாறாக, மூன்று கேள்விகளில் எது பொருந்துகிறது என்று கேட்போம். கடைசி வரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்வோம். ஒரே நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து இயக்கிப் பார்க்கச் சொல்வோம். ஐந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது தீர்த்தது என்று தெரியாமலே போய்விடும்.

ஆய்வகத்தில் ஒரு நீளக் குறிப்பேடு வைத்து, ‘பிழை ஏடு’ என்று பெயரிடலாம். வந்த செய்தியை ஆங்கிலத்தில் உள்ளபடியே ஒரு பத்தியிலும், அதன் காரணத்தையும் தீர்வையும் தமிழில் அடுத்த பத்தியிலும், கண்டுபிடித்த மாணவரின் பெயரை இறுதியிலும் எழுதச் செய்யலாம். அடுத்து அதே பிழை வரும் மாணவர் ஆசிரியரைத் தேடும் முன் ஏட்டைத் தேடுவார். செய்முறைத் தேர்வுக்கு முன் இந்த ஏட்டை ஒருமுறை வகுப்பில் வாசிப்பதும் நல்ல திருப்புதலாக அமையும். அதில் தம் பெயர் இருப்பதைக் காணும் மாணவர், “எனக்கு இது வராது” என்று சொல்லத் தயங்குவார்.