வீட்டுத்தோட்டக் கழகம்: அயலவர் கூடிச் செய்யக்கூடிய வேலைகள்

மீள்குடியேறிய குடும்பங்களுக்குக் கிடைத்த உலர் உணவு நிவாரணத்தில் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் ஆகியவை இருந்தன. மரக்கறி இருக்கவில்லை. பல கிராமங்களில் அப்போது சந்தை கூடத் தொடங்கியிருக்கவில்லை. கூடிய இடத்துக்குப் போய்வர பஸ் இருக்கவில்லை. ஆகவே வளவில் நான்கு பாத்தி போடுவது சமையலோடு சேர்ந்த வேலையாயிற்று. கீரை விதைத்து 25, 30 நாட்களில் சட்டிக்கு வரும். வெண்டி ஏறக்குறைய 50 நாட்களிலும் பயிற்றை 60 நாட்களிலும் காய்க்கத் தொடங்கும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்று நட்ட பின்னர் இரண்டு, இரண்டரை மாதம் பொறுக்க வேண்டும். பப்பாசிக்கு எட்டு, ஒன்பது மாதம்.

பாத்தி போடுவதை ஒரு குடும்பம் தனியே செய்யலாம். தூர்ந்த கிணற்றை இறைப்பது, எல்லை முழுவதும் வேலி அடைப்பது, கட்டாக்காலி மாடுகளைத் தடுப்பது போன்றவற்றைத் தனியே செய்ய முடியாது. பெண் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கும் முதியவர்கள் மட்டும் திரும்பியுள்ள வீடுகளுக்கும் இது இன்னும் கடினம். இதற்காகத்தான் ஓர் ஒழுங்கையில் அல்லது ஒரு பொதுக்கிணற்றைச் சுற்றியுள்ள பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து தோட்டக் கழகம் அமைக்கின்றன. ஊரில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஏற்கனவே இயங்கினால் அதன் ஒரு குழுவாக இயங்குவதே நல்லது. புதிய சங்கம், புதிய தலைவர், புதிய முத்திரை என்று தொடங்கினால் முதல் மூன்று மாதமும் கூட்டத்திலேயே போய்விடும்.

மண்வெட்டி எடுப்பதற்கு முன்

உங்கள் கிராமத்தில் குடியேற அனுமதி வழங்கப்பட்டுள்ளது என்பதால் ஒவ்வொரு காணித்துண்டும் துப்புரவாக்கப்பட்டது என்று எண்ண வேண்டாம். எந்த வளவு, எந்தப் பற்றை, எந்த ஒழுங்கை துப்புரவாக்கப்பட்டது என்பதைக் கிராம அலுவலரிடமோ அப்பகுதியில் வேலை செய்யும் மிதிவெடி அகற்றும் பிரிவினரிடமோ கழகமாகப் போய்க் கேளுங்கள். மிதிவெடி அகற்றுவது ஒரு குறிப்பிட்ட ஆழம் வரைதான். பாத்தி கொத்துவதும் மலசலகூடக் குழி வெட்டுவதும் ஒன்றல்ல. ஆழமாகத் தோண்டுவதானால் அதைச் சொல்லியே கேட்க வேண்டும்.

பற்றைக்கு நெருப்பு வைத்துக் காணி வெளியாக்குவது நம்மவரின் பழைய வழக்கம். இப்போது அதைச் செய்ய வேண்டாம். சருகுக்குக் கீழே கிடக்கும் எறிகணையோ கைக்குண்டோ சூட்டில் வெடிக்கும். கூட்டிய குப்பையை வளவு மூலையில் கொளுத்துவதிலும் இதே ஆபத்து உண்டு. பழைய பதுங்குகுழிகளை உடனே மூட வேண்டும் என்று தோன்றும். அதற்குள் இறங்குவதற்கும் மண் தள்ளுவதற்கும் முன்னர் உரியவர்களுக்குக் காட்டுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த தடத்தாலேயே திரும்பிப் போய், தூரத்தில் ஓர் அடையாளம் வைத்துவிட்டுக் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். பழைய இரும்பு பொறுக்கி விற்கும் பிள்ளைகளிடம் இதை ஒருமுறை சொன்னால் போதாது. கழகக் கூட்டம் ஒவ்வொன்றிலும் சொல்லுங்கள்.

கிணறு

கழகத்தின் முதல் சிரமதானம் பெரும்பாலும் கிணறாகத்தான் இருக்கும். ஆண்டுக்கணக்கில் பாவிக்காத கிணற்றில் இலைகுழை, செத்த மிருகங்கள், இடிந்த கட்டு மட்டுமல்ல, எறியப்பட்ட வெடிபொருட்களும் இருக்கலாம். வெடிபொருள் இல்லையென உறுதியாகும் வரை யாரும் இறங்கக்கூடாது. இறங்கும்போது இடுப்பில் கயிறு கட்டி, மேலே குறைந்தது இருவர் நிற்க வேண்டும். தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்குவது மிக ஆபத்தானது. அதன் புகை கிணற்றுக்குள்ளேயே தங்கி, உள்ளே நிற்பவரைச் சத்தமில்லாமல் மயக்கிக் கொன்றுவிடும். ஒருவர் மயங்கினால் அவரைத் தூக்க இன்னொருவர் உடனே குதிப்பதால்தான் ஒரே கிணற்றில் இரண்டு, மூன்று பேர் இறக்கிறார்கள்.

இறைத்துத் துப்புரவாக்கிய பிறகு குளோரின் இட வேண்டும். அளவு கிணற்றிலுள்ள நீரின் அளவைப் பொறுத்தது என்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்தே இடுங்கள். அதன் பிறகும் குடிநீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடிப்பது பாதுகாப்பு.

கடலோரக் கிராமங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அங்கு நன்னீர், உவர்நீரின் மேல் ஒரு படையாகத்தான் நிற்கிறது. விரைவாகவும் அளவுக்கு மீறியும் இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே ஏறும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்த சில இடங்களில் இப்படித்தான் நடந்தது. அப்படிப்பட்ட இடங்களில் சிறிது சிறிதாக இறைத்து, மாரி மழை கழுவட்டும் என்று விடுவதே மேல். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் வேறொரு பிரச்சினை உண்டு: மலசலகூடக் குழியின் கழிவும் அளவுக்கு மீறிய யூரியாவும் கல்லின் வெடிப்புகளூடாகக் கிணற்றுக்கு வந்து சேரும். மலசலகூடம் எங்கே அமைய வேண்டும் என்பதை அயல் வீடுகள் எல்லாம் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். உங்கள் குழி உங்கள் கிணற்றுக்குத் தூரமாக இருந்தும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு அருகில் இருந்தால் பயனில்லை.

வேலியும் பசளையும்

கம்பிவேலிக்குக் காசு வேண்டும். கதியால் வேலிக்கு ஆட்கள் போதும். கிளுவை, பூவரசு, முள்முருக்கை, சீமைக்கிளுவை ஆகியவற்றின் தடிகளை ஒக்டோபரில் மழை தொடங்கியதும் ஊன்றினால் மாரிக்குள் வேர்விடும். சீமைக்கிளுவை விரைவாகத் தழைக்கும். குழை வெட்ட வெட்ட வரும். அந்தக் குழை ஆட்டுக்குத் தீனி, பாத்திக்குத் தழைப்பசளை. ஒரு வளவில் மரம் தப்பியிருந்தால் அதிலிருந்து வெட்டும் தடிகளே முழு ஒழுங்கைக்கும் போதும். வேலியோரத்தில் நான்கைந்து அடி முருங்கைத் தடிகளையும் இடையிடையே ஊன்றிவிடுங்கள்.

கூட்டெருவுக்குக் காய்ந்த சருகு ஒரு படை, பச்சைக் குழை ஒரு படை, மாட்டெரு ஒரு படை என்று இடுப்பளவுக்கு அடுக்கி, ஈரம் காயாமல் மூடிவைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். மூன்று மாதத்தில் கறுத்து உதிரியாகிவிடும். குப்பையைக் கொளுத்தும் தேவையும் இதனால் குறைகிறது. சிரட்டை, தகரப்பேணி, பழைய டயர், நிவாரணப் படங்கில் தேங்கும் மழைநீர் எல்லாவற்றிலும் டெங்கு நுளம்பு பெருகும். ஆகவே வாரத்தில் ஒரு நாள் வளவு சுற்றிப் பார்ப்பதைப் பிள்ளைகளின் வேலையாக வைக்கலாம். துப்புரவாக்கப்பட்ட வளவுக்குள் மட்டும்.

வடக்கில் பரவியுள்ள பாத்தீனியத்தையும் கழகம் கவனிக்க வேண்டும். கரட் இலைபோல வெட்டுண்ட இலையும் சின்னஞ்சிறு வெள்ளைப் பூவும் கொண்ட இச்செடி தோலில் கடியையும் சிலருக்கு இழுப்பையும் உண்டாக்கும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை விடும். பூப்பதற்கு முன், மழையில் மண் நனைந்திருக்கும்போது, கையுறை அல்லது பொலித்தீன் பை மாட்டி வேரோடு பிடுங்குங்கள். ஒரு வீடு மட்டும் பிடுங்கினால் அடுத்த மாரிக்குப் பக்கத்து வளவிலிருந்து திரும்பிவரும்.

விதை

நிவாரணமாகத் தரப்படும் விதைகளில் சில இளஞ்சிவப்பு நிறமாக இருக்கும். அது மருந்து பூசிய விதை. பயறாக இருந்தாலும் சோளமாக இருந்தாலும் கழுவிச் சமைக்கக்கூடாது, கோழிக்கும் போடக்கூடாது. கலப்பின விதையில் முதல்முறை நல்ல விளைச்சல் கிடைக்கும், ஆனால் அதன் விதையை எடுத்து நட்டால் அதே காய் வராது. அதனால் அயலில் யாரிடமாவது ஊர்க்கத்தரி, ஊர்வெண்டி, பயிற்றை, பூசணி இருந்தால் அதுதான் கழகத்தின் சொத்து. நல்ல செடியில் முதலில் வரும் நல்ல காயைப் பறிக்காமல் முற்றவிட்டு, விதையை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து போத்தலில் அடைத்துவையுங்கள். ஒரு சுண்டு வாங்கியவர் அறுவடைக்குப் பின் இரண்டு சுண்டு திருப்பிக் கொடுப்பது என்பதுதான் கணக்கு. புத்தகத்தில் எழுதிவைத்தால் பின்னர் மனத்தாங்கல் இல்லை.

ஆள் திரும்பாத வளவுகள்

சில வளவுகளுக்கு இன்னும் ஆட்கள் வரவில்லை. வெறுமையாகக் கிடக்கும் காணியில் கழகம் பயிர் செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள். உரிமையாளருடன் அல்லது அவர்களின் நெருங்கிய உறவினருடன் பேசி, கிராம அலுவலருக்குத் தெரியப்படுத்தி, எத்தனை மாதத்துக்கு என்று எழுதிக்கொண்டே செய்யுங்கள். அங்கு வெண்டி, பயறு, கச்சான் போன்ற குறுகியகாலப் பயிர் மட்டும் வையுங்கள். தென்னையோ மாவோ வேண்டாம். மரம் வைத்தவர் பின்னர் காணிக்கு உரிமை கோருவார் என்ற பயம் ஊரில் வீணாக வந்ததல்ல. காணாமற்போன ஒருவரின் பெயரில் உள்ள காணியானால் அந்தக் குடும்பத்தின் சம்மதமின்றி வேலிக்குள்ளே கால் வைக்க வேண்டாம்.

பனை

பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறிக்கப்பட்டதும் எறிகணையில் தலை போனதுமாக எத்தனையோ பனைகள் அழிந்துவிட்டன. நிற்கும் பனையைத் தறிப்பதற்குப் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். கூரைக்கு மரம் தேவைப்படுபவர்கள் முதலில் அங்கே விசாரியுங்கள். பனம்பழம் விழும் ஆவணி, புரட்டாதியில் கழகமாகக் கொட்டைகளைப் பொறுக்கி இரண்டு பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கைப் பாத்தி கட்டி அடுக்கினால் தை, மாசியில் கிழங்கு. அவித்துத் தின்னலாம், ஒடியல் காயப்போடலாம். மற்றப் பங்கைத் துப்புரவாக்கப்பட்ட ஒழுங்கைக் கரையிலும் வளவு எல்லையிலும் ஆறேழு அடிக்கு ஒன்றாகப் புதைத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. முதல் சில ஆண்டுகள் வடலியை மாடு மிதிக்காமல் முள் அடைத்துவைத்தால் போதும். காய்க்கப் பதினைந்து ஆண்டுக்கு மேலாகும், ஆனால் வேலி அடைக்க ஓலை அதற்கு முன்பே கிடைக்கும்.