சௌசௌ மேல் என்ன கோபம்?

கத்தரிக்காய்க்கு வீட்டில் வரவேற்பு உண்டு. உருளைக்கிழங்குக்கோ கேட்கவே வேண்டாம். ஆனால் சௌசௌ இலையில் விழுந்தால் மட்டும் முகங்கள் சுளிக்கின்றன! "வெறும் தண்ணீர்க் காய்" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்பது காயல்ல, சமைத்த நீங்கள்தான். ஆகவே, கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போமே!

பெங்களூர்க் கத்தரிக்காய் என்று பெயர். பிறந்தது பெங்களூரிலும் இல்லை. கத்தரிக்காய்க்கு உறவும் இல்லை. பூர்வீகம் மெக்ஸிகோவும் அதை அடுத்த மத்திய அமெரிக்காவும். பூசணியும் வெள்ளரியும்தான் இதன் பங்காளிகள். நம் திண்டுக்கல் ஜில்லாவில் ஆடலூர், பன்றிமலைப் பக்கம் இன்று பந்தல் பந்தலாகக் காய்க்கிறது.

இதில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர் என்பது வாஸ்தவம். வேகும்போது அதுவே வெளியே வரும். அது போதாதென்று நாமும் ஒரு தம்ளர் விட்டால் ருசி எங்கே நிற்கும்?

பொரியலுக்குத் தண்ணீரே வேண்டாம். தாளித்த எண்ணெயில் காயைப் போட்டு, மூடி, நிதானமான தீயில் வையுங்கள். உப்பை முதலிலேயே போட்டால் நீர் விட்டுக்கொள்ளும்; முக்கால் பதம் வெந்ததும் போடுங்கள். கூட்டுக்குப் பயத்தம்பருப்பைத் தனியே குழைய வேகவைத்துக் கடைசியில் சேருங்கள். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் மூன்றையும் கெட்டியாக அரைத்துவிட்டால் கூட்டு நீர்த்துப்போகாது.

வாங்கும்போது நகம் இறங்கும் இளங்காயாகப் பாருங்கள். நறுக்கினால் கையில் பிசின் ஒட்டி, காய்ந்து, தோல் உரிவதுபோல் இருக்கிறதா? விரல்களில் துளி எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். அல்லது தண்ணீருக்குள் வைத்துச் சீவுங்கள்.

சீவிய தோலை எறிந்துவிடாதீர்கள்! நன்றாகக் கழுவி, எண்ணெயில் சுருள வதக்குங்கள். வறுத்த உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம், புளி, உப்புடன் அரைத்தால் அருமையான துவையல். இளங்காயின் நடுவே இருக்கும் ஒற்றை விதையும் மெத்தென்று இருக்கும். அதையும் சேர்த்தே நறுக்கலாம்.

கூடையில் மறந்துபோன காய் வாய் பிளந்து முளை விட்டிருக்கிறதா? குளிர்ந்த ஊரில் இருப்பவர்கள் முளை வெளியே தெரியும்படி முழுக் காயையே பாதி மண்ணில் புதைத்து, பந்தல் போட்டுவிடலாம். விதையைத் தனியே எடுக்கத் தேவையில்லை.

ஆக, ஒரே காயில் ஒரு கூட்டு, ஒரு துவையல், எறிவதற்கு ஒன்றுமில்லை. மாதக் கடைசியில் பர்ஸைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விடும் இல்லத்தரசிக்கு இதைவிட விசுவாசமான காய் வேறு எது?