கணினி இருக்கும்போது தாதியரிடம் பேனா எதற்கு?

மருத்துவமனையில் தாதியர் கணினி வைத்த தள்ளுவண்டியுடன் வருவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் கைப்பட்டையை ஸ்கேன் செய்து, திரையைச் சரிபார்த்த பிறகே மருந்து தருகிறார்கள். அப்படியும் அவர்களுடைய சட்டைப்பையில் ஒரு பேனா இருக்கும். பயிற்சிக்கு வந்த மாணவத் தாதியிடம் இரண்டு மூன்றுகூட இருக்கலாம். காரணம் தெரிந்தால், நீங்களும் ஒரு பேனாவை அருகில் வைத்துக்கொள்வீர்கள்.

கணினி செய்யும் வேலை

மருந்துச் சீட்டில் கையெழுத்து புரியாவிட்டால் மருந்தோ அளவோ மாறிவிடலாம். கணினியில் பதிந்தால் அந்த ஆபத்து குறைகிறது. சிங்கப்பூரில் தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவு 2011ஆம் ஆண்டு தொடங்கியது. ஓரிடத்தில் பதிவான ஒவ்வாமை, மருந்து, பரிசோதனை முடிவு போன்றவற்றை வேறோர் இடத்தில் உங்களைக் கவனிக்கும் மருத்துவரும் பார்க்க இது உதவுகிறது. ஆனால், ஒருவர் பதிந்தது மட்டுமே கணினியில் இருக்கும். உங்கள் தோலிலும் மருந்துப் புட்டியிலும் குறிப்பு எழுதப் பேனாதான் வேண்டும்.

பேனா செய்யும் வேலை

• தோலில்: கிருமித்தொற்றால் கால் சிவந்து வீங்கினால், சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு நேரத்தைக் குறிப்பதுண்டு. பிறகு பார்க்கும்போது சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால், தொற்று பரவுகிறது என்று உடனே தெரியும். அந்தக் கோட்டைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள்.

• அறுவை சிகிச்சைக்கு முன்: இடது முழங்காலா, வலது முழங்காலா என்று உங்களிடம் கேட்டு, அந்த இடத்தில் அடையாளம் போடுவார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது. பக்கம் தவறாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

• கையில் செருகிய ஊசிக்குழாயில்: அதை மூடும் பட்டையில் செருகிய நாளை எழுதுவார்கள். அதிக நாள் அப்படியே விட்டுவிட்டால் கிருமி தொற்றலாம்.

• கணினி திடீரென நின்றுபோனால்: தாள் படிவத்தில் எழுதிப் பணியைத் தொடர்வார்கள். கணினிக்காக உங்கள் சிகிச்சை காத்திருக்க முடியாது.

மாணவத் தாதி எதைக் குறித்துக்கொள்கிறார்?

பணிநேரம் மாறும்போது ஒரு தாதி தம் நோயாளிகளை அடுத்த தாதியிடம் ஒப்படைப்பார். யார் சாப்பிடக்கூடாது, யாருக்கு எப்போது சர்க்கரை அளவு பார்க்க வேண்டும், யார் தனியாக நடந்தால் விழக்கூடும் என்று பல விவரங்கள் வேகமாகச் சொல்லப்படும். எல்லாவற்றையும் நினைவில் வைப்பது கடினம். அதனால் மாணவர்கள் எழுதிக்கொள்கிறார்கள்.

அந்தத் தாளில் உங்கள் சொந்த விவரங்கள் இருக்கும். ஆகவே அதைக் கண்ட இடத்தில் விட்டுச் செல்லக்கூடாது. வேலை முடிந்ததும் முறையாக அழித்துவிட வேண்டும். பேனாவும் படுக்கைக்குப் படுக்கை போவதால், அதைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

அவர் உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் மறுபடியும் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். வேறொருவரின் மருந்து உங்களுக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காகவே கேட்கிறார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பேனா

1. கண் சொட்டு மருந்தைத் திறந்த நாளைப் புட்டியின் மேல் எழுதுங்கள். பெரும்பாலான சொட்டு மருந்துகளைத் திறந்து 4 வாரங்களுக்குப் பிறகு பயன்படுத்தக்கூடாது. இன்சுலினுக்கும் திறந்த பிறகு கெடு உண்டு. அது வகைக்கு வகை மாறும் என்பதால் மருந்தாளரிடம் கேளுங்கள். மூடி மாறிப்போகலாம், அதனால் தேதியை மூடியில் எழுதாதீர்கள்.

2. உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். சித்த மருந்து, சீன மருந்து, சத்து மாத்திரை, ஊருக்குப் போனபோது வாங்கி வந்த மாத்திரை எல்லாவற்றையும் சேருங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் இவை மருத்துவருக்குத் தெரியாமல் போகலாம். இரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் வார்ஃபரின் மருந்தோடு சில மூலிகைகள் சேர்ந்தால் இரத்தக்கசிவு ஏற்படலாம். அதற்காக, மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

3. வீட்டில் இரத்த அழுத்தம் பார்த்தால், எண்ணையும் தேதியையும் நேரத்தையும் உடனே குறியுங்கள். “கொஞ்சம் கூடத்தான் இருந்தது” என்று சொல்வதைவிட, எழுதி வைத்த எண்கள் மருத்துவருக்கு அதிகம் உதவும்.

4. கேட்க வேண்டியதை முன்கூட்டியே எழுதிக்கொண்டு செல்லுங்கள். பதில் புரியாவிட்டால், “கொஞ்சம் எழுதிக் கொடுங்கள்” என்று தாதியிடம் கேளுங்கள். அதில் கூச்சம் வேண்டாம்.

எழுதுவது சிரமமாக இருந்தால், மகனோ மகளோ பேரப்பிள்ளையோ எழுதித் தரட்டும். அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குக் கிளம்பும்போது அடையாள அட்டையோடு அந்தத் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள்.